ஈடிபஸ் என்னும் பெயர் கொண்ட குரங்கு

1758-ஆம் ஆண்டு வெளிவந்த தம் உயிரின வகைப்பாட்டு நூலின் பத்தாம் பதிப்பில், கார்ல் லின்னேயஸ் தென் அமெரிக்கக் குரங்குகள் சிலவற்றுக்குக் கிரேக்கத் தொன்மங்களிலிருந்து பெயர் எடுத்து வைத்தார். கைகால்கள் பொன்னிறமாக இருந்த ஒன்றுக்கு, தொட்டதெல்லாம் பொன்னாகும் வரம் பெற்ற மைடாஸ் மன்னனின் பெயர் அமைந்தது. அதன் பொருத்தம் எளிதில் விளங்கும். நெற்றியிலிருந்து பிடரிவரை வெண்பஞ்சு போன்ற மயிர்க்கொண்டை சரிந்திருக்கும் மற்றொரு சிறு குரங்குக்கு அவர் தேர்ந்த பெயர் ஈடிபஸ். பாதம் வீங்கியவன் என்பது அச்சொல்லின் பொருள். அக்குரங்கின் பாதத்தில் வீக்கம் ஏதும் இல்லை.

ஈடிபஸின் கதை அறியாதார் குறைவு. பிறந்தவுடன் பெற்றோரால் மலையில் எறியப்பட ஒப்படைக்கப்பட்டவன்; வளர்ந்தபின் இன்னாரென்று அறியாமல் தந்தையைக் கொன்றவன்; அறியாமலே தாயை மணந்தவன். ஃபிராய்டுக்குப் பின், குடும்பத்தின் அடியில் உறைந்து கிடக்கும் பகைக்கே அப்பெயர் குறியீடாயிற்று. அதைத் தாங்கி நிற்கும் விலங்கோ, தந்தையும் தமையன்மாரும் குட்டிகளை முதுகில் சுமந்து வளர்க்கும் இனம். இரண்டரை நூற்றாண்டுகளாக அறிவியல் இந்தப் பெயரைப் பிழையாகவே உச்சரித்து வருகிறதோ என்று எண்ணத் தோன்றும். அதன் குடும்ப வாழ்வையும், அக்குடும்பத்துக்கு மனிதர் கையால் நேர்ந்ததையும் முழுமையாக அறிந்தபின் அந்த எண்ணம் சற்று மாறக்கூடும்.

பஞ்சுத்தலை டாமரின் கொலம்பியாவின் வடமேற்குப் பகுதியில், கரீபியக் கடற்கரையை ஒட்டிய காடுகளில் மட்டுமே இயல்பாக வாழ்வது. முதிர்ந்த விலங்கின் எடை அரைக் கிலோவுக்கும் குறைவு. உடலைக் காட்டிலும் வால் நீளம். பழங்களையும் பூச்சிகளையும் உண்டு, மரக்கிளைகளிலேயே பெரும்பொழுதைக் கழிக்கும். கொலம்பியர் இதைத் 'தித்தி' என்பர். நீண்ட வெண்முடியோடு பியானோ முன் அமர்ந்த ஃபிரான்ஸ் லிஸ்ட் என்னும் இசைமேதையை நினைவூட்டுவதால் ஜெர்மானியர் இதனை 'லிஸ்ட் குரங்கு' என்றே அழைக்கின்றனர்.

இதன் குடும்ப வாழ்வைப் புரிந்துகொள்ள ஓர் எளிய கணக்கு போதும். தாய் ஏறத்தாழ ஆறு மாதம் சூல் சுமந்து, பெரும்பாலும் இரட்டைக் குட்டிகளை ஈனுகிறது. குட்டி ஒவ்வொன்றும் சுமார் 40 கிராம். இரண்டையும் சேர்த்தால் தாயின் எடையில் ஐந்தில் ஒரு பங்கை நெருங்கும். 50 கிலோ எடையுள்ள ஒரு பெண் தலா ஐந்து கிலோ எடையில் இரட்டைக் குழந்தைகளைப் பெற்று, மறுநாளே இரண்டையும் முதுகில் கட்டிக்கொண்டு, உணவு தேடி மரம் மரமாகத் தாவுவதற்கு இது ஒப்பாகும். அத்தோடு பாலும் சுரக்க வேண்டும். ஒரு தாயால் தனித்து ஆகக்கூடிய செயலன்று இது. குட்டிகளின் உயிர், அவற்றைச் சுமக்கப் பிறர் முன்வருகின்றனரா என்பதைப் பொறுத்தே நிற்கிறது.

முன்வருவோருள் முதல்வன் தந்தை. பிறந்த சில நாள்களுக்குள்ளாகவே குட்டிகள் தந்தையின் முதுகுக்கு மாறுகின்றன. பால் குடிக்க மட்டும் தாயிடம் சென்று மீள்கின்றன. இந்தச் சுமைக்கு விலையுண்டு. குட்டியைச் சுமக்கும் விலங்கு குறைவாக நகர்கிறது, குறைவாக உண்கிறது. கூண்டில் வளர்ந்த குடும்பங்களை எடை நிறுத்துப் பார்த்த ஆய்வாளர்கள், குட்டிகள் பிறந்த பின்னான வாரங்களில் ஆண்களின் எடை குறைவதைக் கண்டனர். பங்கிட்டுச் சுமக்க ஆளில்லாத சிறு குடும்பங்களில் அந்த இழப்பு இன்னும் மிகுதி.

விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஒரு கண்டறிதல் இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. துணைவி சூலுற்றிருக்கும் காலத்திலேயே தந்தையாகப்போகும் ஆணின் எடை கூடுகிறது. தாய்மையோடு இணைத்துப் பேசப்படும் புரோலாக்டின் என்னும் ஹார்மோன் தந்தையின் உடலிலும், குட்டி பிறப்பதற்கு முன்பே, உயர்கிறது. வரவிருக்கும் சுமையைத் தாங்குவதற்கு ஆணின் உடலும் முன்கூட்டியே ஆயத்தமாகிறது என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். சூலைச் சுமப்பது தாய் மட்டுமே; ஆயினும் அச்சூலின் செய்தி இரண்டு உடல்களில் எழுதப்படுகிறது.

தந்தைக்கு அடுத்து நிற்போர் மூத்த பிள்ளைகள். முந்தைய ஈற்றில் பிறந்து, பாதி வளர்ந்த நிலையிலுள்ள தமையன்களும் தமக்கைகளும் குட்டியை வாங்கிச் சுமக்கின்றனர். காட்டுக் குழுக்கள் எப்போதும் ஒரே இரத்தவழியினரால் மட்டும் ஆனவையல்ல என்பதை 1970-களின் கள ஆய்வுகளே காட்டின. குழுவிலிருந்து சிலர் நீங்குவதும் வெளியிலிருந்து சிலர் வந்து சேர்வதும் உண்டு. வந்தவரும் சுமக்கின்றனர். சில வாரங்கள் கழித்துக் குட்டி திட உணவை நாடத் தொடங்கும்போது, பூச்சியையோ பழத்தையோ கையில் ஏந்திய பெரியது ஒன்று விரைவான சிற்றொலிகளை அடுக்கி எழுப்பும். அந்த ஒலி கேட்டதும் குட்டி ஓடிவந்து உணவைக் கையிலிருந்தே பறித்துக்கொள்ளும், பெரியது தடுப்பதில்லை. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பது நம்மவர் வழக்கு. இந்தக் குரங்கு அந்த வழக்கைச் சில வாரங்களுக்கேனும் ஒத்திவைக்கிறது.

இரட்டையரிடத்தில் இன்னும் ஒரு படி மேல். டாமரின், மார்மொசெட் இனங்களில் கருவிலிருக்கும் இரட்டையரின் நஞ்சுக்கொடி இரத்தக்குழாய்கள் ஒன்றோடொன்று இணைந்துவிடுகின்றன. ஒருவரின் குருதி உருவாக்கும் செல்கள் மற்றவரின் உடலில் குடியேறி, வாழ்நாள் முழுவதும் அங்கேயே தங்குகின்றன. பிறந்தபின் உடன்பிறப்பைப் பிரிந்து வேறு குழுவுக்குச் சென்றாலும், அதன் இரத்தம் இதன் நாளங்களில் ஓடிக்கொண்டிருக்கும்.

இவ்வளவையும் படிப்பவர் இதனை ஓர் இலட்சியக் குடும்பமாகக் கண்டு உருகிவிடுதல் எளிது. ஆனால் இக்குடும்பத்துக்கு இறுக்கமான ஒரு விதியும் உண்டு. ஒரு குழுவில் பெரும்பாலும் ஒரே ஒரு பெண்தான் ஈனுகிறது. பருவமெய்திய மகள், தாயின் குழுவில் இருக்கும்வரை கருமுட்டை வெளிப்படாமலே காலம் கழிக்கிறது. அதே மகளைப் பிரித்துப் புதிய ஆணோடு சேர்த்தால், விரைவிலேயே கருமுட்டை வெளிப்படுகிறது. அவ்வாறு பிரிந்த மகளின் கூண்டுக்குத் தாயின் வாசனையை மட்டும் கொண்டுசென்றபோது, அந்த வெளிப்பாடு தள்ளிப்போனதை 1980-களின் சோதனைகள் காட்டின. தாயின் மணமே ஒரு கட்டளை. பிள்ளைகளின் தோள்களைத் தன் குட்டிகளுக்காகப் பெற்றுக்கொள்ளும் இந்த ஏற்பாட்டில் அன்பு எவ்வளவு, அடக்குமுறை எவ்வளவு என்று பிரித்தறிவது கடினம். மனிதக் குடும்பங்களை ஆராய்வோருக்கும் இந்தக் கடினம் பழக்கமானதே.

ஆனால் மூத்த பிள்ளைகள் வெறுங்கையோடு போவதில்லை. குட்டியைச் சுமந்த நாள்களில் அவை ஒன்றைக் கற்கின்றன. அது எவ்வளவு இன்றியமையாத கல்வி என்பது, அக்கல்வி இல்லாமற்போன இடத்தில்தான் வெளிப்பட்டது. அந்த இடம் கூண்டு.

1960-களின் இறுதியிலும் 1970-களின் தொடக்கத்திலும் 20,000 முதல் 40,000 வரையிலான பஞ்சுத்தலை டாமரின்கள் மருத்துவ ஆராய்ச்சிக்கென அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாயின. ஒரு சிறு நிலப்பரப்பில் மட்டுமே வாழும் இனத்துக்கு அது பேரிழப்பு. 1970-களின் நடுப்பகுதியில் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. புதிய விலங்குகளைக் காட்டிலிருந்து பிடித்துவரும் வழி அடைபட்டபின், ஆய்வகங்கள் தம்மிடமிருந்தவற்றையே இனப்பெருக்கம் செய்வித்து எண்ணிக்கையைக் காக்க முனைந்தன. குட்டிகள் பிறந்தன, ஆனால் பிழைக்கவில்லை. பெற்றோர் அவற்றைச் சுமக்க மறுத்தனர். முதுகில் ஏறியவற்றை உதறித் தள்ளினர். சிலர் கடித்துக் காயப்படுத்தினர். உணவுக்குக் குறைவில்லை, எதிரிகள் இல்லை, மருத்துவர்கள் இருந்தனர். இருந்தும் குட்டிகள் இறந்தன.

பல்வேறு ஆய்வகங்களின் பதிவேடுகளைத் தொகுத்து நோக்கியவர்களுக்குக் காரணம் மெல்லப் புலப்பட்டது. தம் பிறந்த குடும்பத்தில் தம்பி தங்கையரைச் சுமந்து வளர்ந்த விலங்குகள், பின்னாளில் தம் குட்டிகளையும் வளர்த்தன. இளம்வயதிலேயே குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டவையும், மனிதர் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவையும் பெற்றோராகத் தோற்றன. 1984-இல் வெளியான ஓர் ஆய்வு, டாமரின், மார்மொசெட் ஆகிய இரண்டு இனங்களை ஒப்பிட்டு இவ்வுண்மையை நிறுவியது. பஞ்சுத்தலை டாமரினிடம் அதன் தாக்கம் மிக வலுவாக இருந்தது. உதவிக்குத் தோள்கள் இல்லாத குடும்பங்களில் பெற்றோரின் தோல்வி கூடுவதையும் பின்வந்த ஆய்வுகள் உறுதிசெய்தன.

பிறப்பிலேயே வாய்க்கும் இயல்பூக்கம் என்று தாய்மையைப் பற்றிச் சொல்லப்பட்டுவந்ததை இந்தச் சிறு குரங்கு மறுதலித்தது. பெற்றுவிடுவதால் மட்டும் எவரும் பெற்றோராவதில்லை. சுமந்து பழகியவரே பெற்றோராகின்றனர் என்பதே அது தந்த பாடம். அந்தப் பழக்கம் ஒரு தலைமுறையின் முதுகிலிருந்து அடுத்த தலைமுறையின் முதுகுக்குக் கைமாறுவது. வலைவீசிக் காட்டிலிருந்து அள்ளிச் சென்றபோது இழக்கப்பட்டது விலங்குகளின் எண்ணிக்கை மட்டுமன்று. அந்தக் கைமாற்றமும் இடையில் அறுந்தது. எண்ணிக்கையைக் கூண்டில் பெருக்கலாம். அறுந்துபோன பழக்கத்தை எப்படிப் பெருக்குவது? ஆய்வகங்கள் இறுதியில் கண்ட வழி எளிமையானது: பிள்ளைகளைப் பிரிக்காமல், அடுத்த ஈறுகள் பிறந்து வளரும்வரை குடும்பத்தோடு விட்டுவைப்பது. குரங்குகள் முன்பே அறிந்திருந்ததை அறிவியல் பல குட்டிகளின் இறப்பின் வழியே கற்றது.

கூண்டு இன்னொன்றையும் வெளிப்படுத்தியது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வு மையத்திலும் பிற மையங்களிலும் வாழ்ந்த டாமரின்களுக்கு நாட்பட்ட பெருங்குடல் அழற்சியும், அதைத் தொடர்ந்து பெருங்குடல் புற்றுநோயும் தாமாகவே தோன்றின. செயற்கையாகத் தூண்டாமல் மனித நோயை ஒத்த நோய் தானே வரும் விலங்கு மருத்துவ ஆய்வுக்கு அரிய வாய்ப்பு. அதனால் இவ்வினம் மனித நோயின் மாதிரியாயிற்று. பின்னர் ஆய்வாளர்கள் கொலம்பியக் காட்டுக்கே சென்று அங்கு வாழும் டாமரின்களின் குடலைப் பரிசோதித்தனர். கூண்டில் கண்ட நாட்பட்ட அழற்சியும் புற்றுநோயும் அங்குத் தென்படவில்லை. நோயின் வேரைச் சிறை வாழ்வின் நெருக்கடியில் தேட வேண்டும் என்ற முடிவுக்கு அவ்வாய்வாளர்கள் வந்தனர்.

அந்த நோயுற்ற உடல்களிலிருந்து மனிதர் பெற்றவை சிறியன அல்ல. வெள்ளணுக்கள் குடலை நாடிச் செல்வதைத் தடுக்கும் ஓர் ஆன்டிபாடி, டாமரின்களின் பெருங்குடல் அழற்சியை விரைந்து தணித்ததை 1996-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதே வழியில் உருவான வெடோலிசுமாப் என்னும் மருந்துக்கு 2014-இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது; அழற்சிக் குடல்நோயால் வதைபட்டவர்களுக்கு அது இன்று ஓர் ஆறுதல். எப்ஸ்டீன்–பார் வைரஸை ஆராயும் ஆய்வகங்கள் நன்கறிந்த பி95-8 என்னும் செல் வரிசையும் ஒரு பஞ்சுத்தலை டாமரினின் வெள்ளணுக்களிலிருந்து பிறந்ததே. 1984-இல் அவ்வைரஸின் மரபணுத்தொகுதி முதன்முதலாக முழுமையாகப் படிக்கப்பட்டது அச்செல்கள் வழங்கிய வைரஸிலிருந்துதான். அந்த டாமரின் மறைந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. அதன் செல்கள் இன்னும் ஆய்வகங்களில் பிரிந்து பெருகிக்கொண்டிருக்கின்றன. அச்செல் வரிசையைப் பயன்படுத்தும் ஆய்வு மாணவருள், அது எந்தக் காட்டிலிருந்து வந்தது என்று அறிந்தோர் எத்தனை பேர் இருப்பர்?

இதைக் கேட்பதன் நோக்கம் மருத்துவ ஆராய்ச்சியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதன்று. நோயாளியின் வலி உண்மையானது. மருந்தின் பயனும் உண்மையானது. ஆனால் பெற்ற அறிவுக்கு விலை கொடுத்தவர் யார் என்று குறித்துவைப்பதும் அறிவுத்துறையின் கடமைகளுள் ஒன்று. ஆய்வுக் கட்டுரைகளில் நன்றியுரை என ஒரு பகுதி உண்டு. நிதி அளித்தோர், கருவி தந்தோர், படித்துத் திருத்தியோர் பெயர்களெல்லாம் அதில் இடம்பெறும். கட்டுரையின் செய்முறைப் பகுதியில் எண்ணிக்கையாக மட்டும் நிற்பவற்றுக்கு அங்கே இடம் இருப்பதில்லை. அந்த எண்ணிக்கையில் ஒவ்வொன்றும் யாரோ ஒன்றின் முதுகில் வளர்ந்தது; யாரோ ஒன்றைத் தன் முதுகில் சுமந்திருக்கக்கூடியது.

கொலம்பியக் காட்டில் எஞ்சியவற்றின் நிலை கடினமானது. 2010-இல் வெளியான கணக்கெடுப்பு ஏறத்தாழ 7,400 விலங்குகளே காட்டில் இருப்பதாக மதிப்பிட்டது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் இது மிக அருகிய இனம். காடு மேய்ச்சல் நிலமாகவும் விளைநிலமாகவும் மாறிச் சிறு துண்டுகளாகச் சிதறிக் கிடக்கிறது. வளர்ப்பு விலங்காக விற்கக் குட்டிகளைப் பிடிப்பதும் தொடர்கிறது. அந்தக் கணக்கெடுப்பில் கையாண்ட முறையே இவ்வினத்தின் இயல்பைச் சொல்லும். அடர்ந்த காட்டில் இச்சிறு விலங்கைக் கண்ணால் தேடி எண்ணுவது அரிது. எனவே அயல் டாமரினின் எல்லைக் குரலை ஆய்வாளர்கள் ஒலிக்கச் செய்தனர். அந்நியர் வந்துவிட்டனர் என்று எண்ணிக் குடும்பம் முழுவதும் திரண்டு குரல் வந்த திசைக்கு வரும், அப்போது எண்ணிக்கொள்ளலாம். வீட்டைக் காக்கத் திரண்டு வந்த நேரத்தில்தான் அவை கணக்கில் ஏறின.

1980-களில் ஆன் சாவேஜ் தொடங்கிய 'புரோயெக்டோ தித்தி' என்னும் திட்டம் இன்றுவரை அங்கே இயங்கிவருகிறது. விலங்குகளைத் தனித்தனியே அடையாளங்காண அவற்றின் வெண்கொண்டையில் முடிச்சாயம் பூசுகின்றனர் அதன் ஆய்வாளர்கள். காட்டை ஒட்டிய சிற்றூர்ப் பெண்கள் தூக்கியெறியப்பட்ட நெகிழிப் பைகளைக் கீற்றுகளாக நறுக்கிப் பின்னி, அழகிய தோள்பைகளாக்கி விற்கின்றனர். அவ்வருவாய் காட்டை வெட்டாமலும் குட்டிகளைப் பிடிக்காமலும் வாழ ஒரு வழியைத் தருகிறது. ஆளில்லாத காடாக வேலியிட்டு இவ்வினத்தைக் காக்க முடியாது. அருகில் வாழும் மனிதக் குடும்பங்கள் நிலைபெற்றால்தான் குரங்குக் குடும்பங்களும் நிலைபெறும் என்பதே அத்திட்டத்தின் அடிப்படை. இங்கும் சுமை பங்கிடப்பட வேண்டியிருக்கிறது.

லின்னேயஸ் ஏன் அந்தப் பெயரை வைத்தார் என்பதற்கு அவர் நூலில் விளக்கமில்லை. ஆனால் சோஃபக்ளீஸின் நாடகத்தில், பெரும்பாலோர் நினைவில் நிற்காத ஒரு பகுதி உண்டு. கணுக்கால்கள் துளைக்கப்பட்ட அக்குழந்தையை மலையில் விட்டுவரும்படி ஓர் இடையனிடம் ஒப்படைத்தனர். அவன் மனம் ஒப்பவில்லை. மலையில் சந்தித்த வேறு நாட்டு இடையன் ஒருவனிடம் அதைக் கொடுத்தான். அவன் தன் நாட்டுக்குச் சுமந்துசென்று, பிள்ளையில்லாத தன் அரசனிடம் சேர்த்தான். பெற்றவர் கைவிட்ட குழந்தை, பெறாத மூவரின் கைகளில் மாறி மாறித் தங்கியதால் உயிர்பிழைத்தது. ஈடிபஸின் கதை கொலையிலும் குருட்டிலும் முடிவது உண்மையே. அது தொடங்குவதோ, பிறர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மலையிறங்கும் ஒருவனின் நடையில்.